மலை ஊருக்கு வெளியே ஒதுங்கிய தனி வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முகில்வழி எழுதியது:

வணக்கம். நானும் கணவரும் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். சுற்றுலாவுக்குப் பேர்போன மலை ஊர் ஒன்றிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், சரிவில் தனியாக நிற்கும் பழைய கல் வீடு. பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் கடைசி 900 மீட்டர் மண் ரோடு. அது இன்னொருவருடைய தோட்டத்தின் வழியாகப் போகிறது. தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் இறங்குகிறது. கரண்ட் இருக்கிறது, ஆனால் அடிக்கடி போகும் என்கிறார்கள்.

நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். மாமியார் எங்களோடு இருப்பார். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

விற்பவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். "ரோடு எந்தக் காலத்திலிருந்தோ இப்படித்தான் இருக்கு, யாரும் மறிக்க மாட்டாங்க" என்கிறார். ஊற்று வற்றியதே இல்லை என்கிறார். எங்களுக்கு இடம் மிகவும் பிடித்துவிட்டது. எதைக் கேட்க வேண்டும், எதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊற்றுக்கண் எழுதியது:

ஊற்று வற்றாது என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அளந்து பாருங்கள் சகோதரி. கோடை முற்றிய மாதத்தில், மழை பெய்து பல வாரம் ஆன பிறகு போய், தொட்டியில் விழும் குழாயின் கீழே 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 200 விநாடியில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். தாராளம். நிறைய அரை மணி நேரம் ஆனால் நாளுக்கு 960 லிட்டர்தான். மூன்று பேருக்கு அதுவும் போதும். ஆனால் தோட்டத்துக்கு மிஞ்சாது, பெரிய சேமிப்புத் தொட்டியும் கட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் அளந்த கணக்கை யாராவது காட்டினால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம், ஊற்றின் வாய் வரை ஏறிப் பாருங்கள். ஒரு வீட்டைப் பார்க்க நண்பரோடு போயிருந்தேன். கீழே தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது. மேலே ஏறினால் ஊற்றுக்குழி மூடியில்லாமல் திறந்து கிடந்தது. ஓரத்துச் சேற்றில் மாட்டுக் குளம்புத் தடம். குழாயின் வாயில் கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், அதன் மேல் அழுகிய இலைகள் ஒட்டிக் கிடந்தன. குழியைத் தூர் வாரி, கான்கிரீட் பெட்டி கட்டி, பூட்டுள்ள மூடி போட்டு, மேல்புறம் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டினால் இது சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்ய அந்த இடத்தில் கை வைக்கும் உரிமை வேண்டும். உங்கள் ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது?

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, நல்ல மழை பெய்து முடிந்த உடனே ஒரு மாதிரி எடுத்துக் கொடுங்கள். மேற்பரப்பு அழுக்கு ஊற்றில் கலக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

முகில்வழி எழுதியது:

ஊற்றும் அதே தோட்டக்காரர் நிலத்தில்தான் இருக்கிறது ஐயா. எங்களுக்கு விற்கும் நிலத்தின் எல்லைக்கு மேலே.

பத்திரக்கட்டு எழுதியது:

அப்படியென்றால் உங்கள் ரோடு, உங்கள் தண்ணீர் இரண்டும் ஒரே மனிதரின் கையில் இருக்கிறது. வீட்டின் அழகு, சுவரின் நிலை எல்லாம் அப்புறம். முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

"எந்தக் காலத்திலிருந்தோ" என்பது சட்டத்தில் முழுப் பதில் அல்ல. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) சட்டப்படி, ஒரு வழியை 20 ஆண்டு வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியிருந்தால் அது உரிமையாக நிலைபெறும். இங்கிலாந்திலும் அடிப்படை 20 ஆண்டுதான். மற்ற நாடுகளில் காலம் மாறும். ஆனால் எங்கும் முக்கியமான சொல் "உரிமையாக" என்பதுதான். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனார்கள், அவரும் பெருந்தன்மையாக விட்டார் என்றால் அது வெறும் அனுமதி. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஐம்பது வருடம் போனாலும் அது உரிமை ஆகாது. இதை நிரூபிக்கக் கோர்ட்டுக்குப் போவதும் உங்கள் வேலையாகிவிடும், அதுவும் வீட்டுக்குப் போக வழி இல்லாமல்.

அதனால் விற்பவரின் வாய்வார்த்தையை விட்டுவிட்டு, தோட்டக்காரரிடமிருந்தே பாதை உரிமைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: நடைபாதையா, வண்டிப் பாதையா, லாரி வரலாமா; பாதையின் அகலம்; வரைபடம்; அதே பாதையில் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, இணைய வயர் கொண்டுபோகும் உரிமை; பழுது பார்க்க நுழையும் உரிமை. இது உங்கள் இருவருக்குள் நடந்த ஒப்பந்தமாக நின்றுவிடாமல் நிலத்தோடு சேர்ந்து போவதாக எழுத வேண்டும். நாளை அவர் தோட்டத்தை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு விற்றாலும், நீங்கள் வீட்டை வேறு யாருக்கு விற்றாலும் அது செல்லுபடியாக வேண்டும். தோட்டம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படலாம். ஊற்றுக்கும் இதே மாதிரி தனியாக: எந்த ஊற்று, எவ்வளவு தண்ணீர், பெட்டி கட்டும் உரிமை, மேலே புதிதாகக் குழி வெட்டி ஊற்றின் வரத்தைத் தடுக்கமாட்டேன் என்ற உறுதி.

இது கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "பாதை, நீர் உரிமைப் பத்திரங்கள் பதிவாகாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும்" என்ற வரியோடு கொடுங்கள்.

தனிமரம் எழுதியது:

பத்திரக்கட்டு சொல்வது சரிதான். ஆனாலும் ஒரு பேச்சு. இப்படி எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு போய் நீட்டினால் அந்தத் தோட்டக்காரர் முதல் நாளே முகம் சுளிப்பார். மலையில் அக்கம்பக்கத்து உறவுதான் பத்திரத்தை விடப் பெரியது. மண் சரிந்தால் மண்வெட்டியோடு முதலில் வருபவர் அவர்தான். நாங்கள் இப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறோம். விடியற்காலையில் பறவைச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் காதில் விழாது. இந்த அமைதி வேண்டும் என்றால் கொஞ்சம் நம்பிக்கையும் வேண்டும்.

பத்திரக்கட்டு எழுதியது:

அவர் நல்லவராகவே இருக்கட்டும் அண்ணா. அவருக்கு நான்கு வாரிசு இருக்கலாம், ஒருவர் வெளிநாட்டில் இருக்கலாம். நீங்கள் பேசிப் பழகியது ஒருவரிடம், நாளை எதிரில் நிற்பது வேறு நால்வர். உறவு நன்றாக இருக்கும்போதுதான் எழுதி வாங்க முடியும். மனத்தாங்கல் வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். கேட்கும் விதத்தில் பக்குவம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். சும்மா கேட்காமல், பாதையைப் பராமரிக்கும் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள்.

கல்கட்டு எழுதியது:

நான் கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மலைச்சரிவு வீடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வீட்டுக்கு மேலே உள்ள சரிவை ஏறிப் பாருங்கள், பிறகு கீழே உள்ள சரிவையும். மரங்களின் அடித்தண்டைக் கவனியுங்கள். அடியில் சரிவின் கீழ்ப்பக்கமாக வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரங்கள் ஒன்றிரண்டு இல்லாமல் கூட்டமாக இருந்தால், மண் பல காலமாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சாய்ந்த மின்கம்பங்கள், தரையில் சரிவுக்குக் குறுக்காக ஓடும் விரிசல், முன்பு இல்லாத இடத்தில் புதிதாகக் கசியும் தண்ணீர், திடீரென்று இறுகிப்போன கதவு ஜன்னல், இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்பவை. புதிதாக வெள்ளையடித்த சுவரில் விரிசல் தெரியாது. பரணிலும், படிக்கட்டுக்கு அடியிலும், குளியலறைக்குப் பின்பக்கமும் வெள்ளையடிக்க மறந்திருப்பார்கள், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

தடுப்புச் சுவரைக் கவனமாகப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அதைத் தள்ளிச் சாய்க்கும். அதற்காகத்தான் சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், பூச்சு அழகாக இருக்க வேண்டும் என்று அந்தத் துளைகள் எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சுவரின் நடுப்பகுதி உள்ளங்கை அகலத்துக்கு வெளியே புடைத்து நின்றது. அடைத்த இடங்களைச் சுற்றி மட்டும் பாசி கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது. ஒரு துளையைக் கம்பியால் குத்தித் திறந்ததும் கலங்கல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மழை நின்று சில நாள் ஆகியிருந்தது, அப்போதும் அப்படி.

வீடு நிற்கும் இடம் வெட்டி எடுத்த தரையா, கொட்டி நிரப்பிய மண்ணா என்றும் கேளுங்கள். பாதி வெட்டு, பாதி நிரப்பு என்றால் நிரப்பிய பாதி தனியாக இறங்கும். உத்தரகண்டின் ஜோஷிமத் ஊர் பழைய நிலச்சரிவு கொட்டிய மண்ணின் மேல் இருக்கிறது என்று அரசு அமைத்த மிஸ்ரா கமிட்டி 1976லேயே சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன.

ஓடைக்கு அருகில் என்றால் இன்னும் கவனம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவு தொடங்கிய இடம் மலையின் உச்சிப்பகுதி. பாறையும் மரமும் சேறும் ஆற்றின் வழியே இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்த முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை அடித்துக்கொண்டு போயின. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் வீட்டு மண் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, மேலிருந்து ஓடை எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். வறண்ட ஓடை என்று விற்பவர் சொன்னால், அதில் கிடக்கும் கல்லின் அளவைப் பாருங்கள். ஆள் உயரப் பாறை கிடந்தால் அது ஒரு காலத்தில் உருண்டு வந்தது.

நிலவியல் தெரிந்த பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துப் போய் அறிக்கை வாங்குங்கள். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

முகில்வழி எழுதியது:

கல்கட்டு ஐயா, நன்றி. மேல் சரிவை நாங்கள் ஏறிப் பார்க்கவே இல்லை. தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது, பின்பக்கம். அடுத்த முறை போகும்போது பார்க்கிறோம். அங்கே செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு "கீழே எங்கேயோ" என்றார்கள். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஊற்றுக்கண் எழுதியது:

எங்கேயோ என்றால் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள். டேங்க்கிலிருந்து வரும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழி, குடிநீர் எடுக்கும் இடத்தைவிடக் கீழே, குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. சில இடங்களில் 15 மீட்டர் போதும் என்று விதி இருக்கும், ஆனால் மண் மெல்லியதாகவும் அடியில் பிளவுபட்ட பாறையாகவும் இருந்தால் கழிவுநீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் போய்விடும். குழி நிறைந்தால் உறிஞ்சி எடுக்க லாரி வர வேண்டும், அந்த மண் ரோட்டில் அது வருமா என்பதும் கேள்வி. இன்னொன்று: உறிஞ்சு குழித் தண்ணீர் சரிவு மண்ணை ஊற வைக்கும். தடுப்புச் சுவருக்கு மேலே குழி இருந்தால் கல்கட்டு ஐயாவிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருதம் எழுதியது:

நான் செவிலியர். மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன் அக்கா.

12 கிலோமீட்டர் என்பதை மறந்துவிடுங்கள், நிமிடத்தில் கணக்குப் போடுங்கள். சீசன் வார இறுதியில், மாலை நேரத்தில், ஊருக்குள் வண்டிகள் அடைத்து நிற்கும்போது ஓட்டிப் பாருங்கள். சாதாரண நாளில் அரை மணி நேரம் ஆகும் தூரம் அன்று ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதுதான் உங்கள் உண்மையான தூரம். இரவில், மூடுபனியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மாரடைப்பு என்றால் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வாய்ப்பில்லாத இடத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. மலை ஊர் மருத்துவமனையில் ஈசிஜி எந்நேரமும் எடுக்க முடியுமா, அந்த ஊசி இருப்பில் இருக்கிறதா, இரவில் அதைப் போட மருத்துவர் இருப்பாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். பக்கவாதத்துக்கு அதே மாதிரி ஊசி, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள். ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும், அந்த ஸ்கேன் சமவெளியில் இருக்கும் பட்சத்தில் இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இல்லை. அவருடைய இதய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இடம் மாற்றும் முன் அவரைச் சில வாரம் அங்கே தங்க வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆம்புலன்ஸ் டிரைவருக்கு உங்கள் வீடு தெரியாது. தார் ரோட்டில் திரும்பும் இடத்தில் இரவில் ஒளிரும் பலகை வையுங்கள். வரைபடத்தில் வீட்டின் இடத்தைக் காட்டும் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) எழுதி ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

தனிமரம் எழுதியது:

மருதம் சொல்வதை மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் வயதானவர்கள் இல்லை, அதனால் எனக்கு இந்தக் கணக்கு வேறு. முகில்வழி, உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் ஊருக்கு இன்னும் நெருக்கமாக ஒரு வீடு தேடியிருப்பேன். மூன்று நான்கு கிலோமீட்டரிலேயே அமைதி கிடைக்கும். ஒரு மலை மடிப்பு நடுவில் இருந்தாலே ஊரின் சத்தம் வராது. வெகுதூரம் போனால்தான் ஒதுக்கம் என்று இல்லை.

சுடர்விழி எழுதியது:

கரண்ட், இணையம் இரண்டும் என் துறை, அதனால் அதை மட்டும்.

வேலை இணையத்தை நம்பி என்றால், வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை நாளில் மணிக்கணக்கில் வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். வாசலில் நின்று சிக்னல் கோடுகளை எண்ணுவது போதாது. சுற்றுலா ஊர் டவரில் சீசன் நாளில் கூட்டம் ஏறினால் கோடு முழுதாக இருக்கும், வேகம் இருக்காது. செயற்கைக்கோள் இணையம் உங்கள் நாட்டில் கிடைத்தால், அதற்கு வானம் அகலமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் உயரமான மரங்கள் என்றால் அழைப்பு நடுவில் விட்டு விட்டுப் போகும். டிஷ் வைக்கும் இடத்தில் நின்று வானம் எவ்வளவு மறைகிறது என்று காட்டும் ஆப் இருக்கிறது, அதில் பாருங்கள்.

சோலார் போடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். மலையில் முதல் கேள்வி, சூரியன் உங்கள் கூரைக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு மலைக்குப் பின்னால் போகிறது என்பதுதான். வடகோளத்தில் டிசம்பர் கடைசியில் சூரியன் மிகத் தாழ்வாகப் போகும். கோடையில் பார்த்த வெயிலை வைத்து முடிவெடுத்தால் குளிர்காலத்தில் பாதி நாள் நிழலில் இருக்கும். அடர்ந்த மூடுபனி நாளில் பேனல் தன் திறனில் நாலில் ஒரு பங்கைக்கூடத் தராது. லித்தியம் பேட்டரி வாங்கினால், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அதை வெளிக் கொட்டகையில் வைக்காதீர்கள். ஜெனரேட்டரும் உயரத்தில் மூச்சு வாங்கும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி குறையும், அதற்கேற்பப் பெரிய அளவு பாருங்கள்.

ஊற்று கீழே இருந்து நீங்கள் மேலே ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை: மேலே உட்கார வைத்த மோட்டார் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் ஆழத்துக்கு இயற்கையே எல்லை வைத்திருக்கிறது. கடல் மட்டத்தில் நடைமுறையில் 7 மீட்டர் போல. உங்கள் உயரத்தில் அதைவிடக் குறைவு. அதற்குக் கீழே என்றால் தண்ணீருக்குள் இறக்கும் மோட்டார்தான். நல்லவேளை, உங்களுக்கு ஊற்று மேலே இருக்கிறது.

எர்த்திங் போட்டிருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள். பாறைத் தரையில் எர்த்திங் எளிதில் சரியாக அமையாது. மலை வீட்டுக்கு இடி மின்னல் வரும், சர்ஜ் காப்பு இல்லாமல் கம்ப்யூட்டரை மாட்டாதீர்கள்.

காட்டோரம் எழுதியது:

நெருப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது வேகம் கூடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் பழகிய கணக்கு. சரிவின் நடுவில், கீழே காய்ந்த புல்லும் தைல மரமும் இருக்க, மேலே வீடு இருந்தால் அந்த இடத்தை நன்றாக யோசிக்க வேண்டும். பல வீடுகளைப் பற்ற வைப்பது எதிரே வரும் தீச்சுவர் இல்லை, காற்றில் முன்னால் பறந்து வரும் கங்குகள். கூரையின் காய்ந்த சருகிலும், காற்றுத் துளை வழியாகப் பரணிலும் விழுந்து உள்ளிருந்து பிடிக்கும். வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டரில் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் வரை செடிகொடியைக் குறைத்து, மரங்களின் கீழ்க்கிளைகளை வெட்டி வைக்க வேண்டும். காற்றுத் துளைகளில் 3 மில்லிமீட்டர் உலோக வலை.

முகில்வழி, உங்கள் ரோடு ஒரே வழிதானே? 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரையும் சுற்றுப்புறத்தையும் எரித்த காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள். பாரடைஸை விட்டு வெளியேறும் சில ரோடுகளில் வண்டிகள் அடைத்துக்கொண்டதும் அங்கே பெரிய துன்பமாக இருந்தது. உங்கள் 900 மீட்டரில் ஒரு மரம் விழுந்தால் வண்டி வெளியே வராது. நடந்தாவது கீழே இறங்க இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா பாருங்கள், அதில் மாமியார் நடக்க முடியுமா என்றும். தீயணைப்பு வண்டி வளைந்து திரும்ப இடம், நடுவில் உள்ள சிறுபாலம் தாங்கும் எடை, இவற்றைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் சந்தோஷமாக வந்து பார்ப்பார்கள்.

வீட்டுக் காப்பீடு கிடைக்குமா என்று வாங்கிய பிறகு விசாரிக்காதீர்கள், இப்போதே கேளுங்கள். நிலச்சரிவைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை.

நெடும்பாதை எழுதியது:

நாங்கள் இப்படி ஒரு வீட்டில் சில காலம் இருந்தோம், பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக விற்றுவிட்டு இறங்கினோம். விற்பது எளிதில்லை. ஒதுங்கிய வீட்டை ஆசைப்பட்டுப் பார்க்க வருபவர்கள் நிறைய, வாங்குபவர்கள் மிகச் சிலர். எங்களிடம் பாதைப் பத்திரம் பதிவாகி இருந்ததால்தான் வாங்கியவருக்கு வங்கிக் கடன் கிடைத்தது.

ஒரு யோசனை. அதே சரகத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மழைக்காலத்தையும் ஒரு குளிர்காலத்தையும் கழியுங்கள். சுற்றுலா வருபவர்கள் பார்ப்பது நல்ல மாதங்களை மட்டும். அடைமழையில் துணி காயாது, புத்தகத்தில் பூசணம் பிடிக்கும், அலமாரிக்குள் தோல் செருப்பு வெள்ளையாகிவிடும். வீட்டை ஒரு மாதம் பூட்டிவிட்டுத் திரும்பினால் எலி தன் குடித்தனத்தை அமைத்திருக்கும். இதையெல்லாம் விரும்பி ஏற்பவர்கள் இருக்கிறார்கள், என் மனைவி இன்றும் அந்த வீட்டை நினைத்து ஏங்குகிறார். முடியாதவர்களும் இருக்கிறார்கள். எந்த வகை என்பது வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முகில்வழி எழுதியது:

நாங்கள் இல்லாத மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவு தேறும் என்று நினைத்தோம். அது நடக்கக்கூடியதா?

பத்திரக்கட்டு எழுதியது:

பாதை உரிமை "குடியிருப்புப் பயன்பாட்டுக்கு" என்று எழுதப்பட்டால், வாரம்தோறும் புதுப்புது வண்டிகளை அதில் விடுவது தகராறாகும். விட நினைத்தால் அதையும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி இது ஊருக்கு ஊர் மாறும். சுவிட்சர்லாந்தில் 2012இல் மக்கள் வாக்கெடுத்து, எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, அந்த மாநில விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதி இல்லாமல் நிலம் வாங்கவே முடியாது. மலை ஊர்கள் எல்லாமே இந்த விஷயத்தில் இறுகிக்கொண்டு வருகின்றன. இன்று விடலாம் என்பதை நம்பி மாதத் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். வாடகை வராவிட்டாலும் தாங்கும் என்றால் மட்டும் வாங்குங்கள். காட்டு எல்லையை ஒட்டிய நிலமா, அது எந்த வகை நிலமாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் வனத்துறையில் நேரில் கேளுங்கள். விற்பவர் காட்டும் வேலி எல்லை ஆகாது. சர்வேயர் கல் நட்டுக் காட்டுவதுதான் எல்லை.

காட்டோரம் எழுதியது:

வேலி என்றதும் ஒன்று. விலங்குகள் காலங்காலமாக நடக்கும் தடத்தில் அந்த நிலம் இருக்கிறதா என்று பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லமாட்டார், அவர்கள் சொல்வார்கள். தடத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மின்வேலி போட்டு அவற்றை அலைய விடுவது பாவம், உங்களுக்கும் ஆபத்து.

முகில்வழி எழுதியது:

இடையில் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், மறுபடி போய்விட்டு வந்தோம்.

பொறியாளர் ஒருவரையும் அழைத்துப் போனோம். மேல் சரிவு உறுதியாக இருக்கிறது, பாறை அருகிலேயே இருக்கிறது என்றார். தடுப்புச் சுவரின் துளைகளில் பாதி மண் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்து பின்னால் வடிகால் போட்டால் போதும் என்கிறார். செப்டிக் டேங்க் கிடைத்துவிட்டது, ஊற்றுக்கு வெகு கீழே. மாமியாரின் மருத்துவர் உயரத்தால் தடையில்லை என்றார். மலை ஊர் மருத்துவமனையில் அந்த ஊசி இருக்கிறது, ஆனால் இரவு மருத்துவர் எல்லா நாளும் இல்லை. இது எங்களை உறுத்துகிறது. நெடும்பாதை சொன்னபடி, தோட்டக்காரரின் பழைய மேலாளர் வீட்டை மழைக்காலம் முழுவதும் வாடகைக்குக் கேட்டிருக்கிறோம், தருவதாகச் சொல்கிறார். தோட்டக்காரரோடு பழகவும் அது உதவும், தனிமரம் அண்ணா சொன்னது மாதிரி.

பாதைப் பத்திரத்துக்கு அவர் சம்மதம். ஊற்றுக்குத்தான் தயங்குகிறார். கோடையில் அவருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும் என்கிறார். ரோடு பராமரிப்பை எப்படிப் பிரிப்பது என்றும் தெரியவில்லை.

ஊற்றுக்கண் எழுதியது:

அவர் தயக்கம் நியாயமானது. ஊற்று முழுவதையும் கேட்காதீர்கள். கோடையில் அளந்தபின், பெட்டியில் இரண்டு வெளிவழிக் குழாய் வைத்து, உங்களுக்கு நாளுக்கு 1,000 லிட்டர் முதலில், மீதி எல்லாம் அவருக்கு என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி கட்டும் செலவு உங்களுடையது என்றால் அவருக்கும் லாபம்தான். கூடவே கூரை நீரைப் பிடியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், சேதாரம் போக 80,000 லிட்டர் தேறும். அதில் ஒரு பகுதியைத் தேக்க 20,000 லிட்டர் தொட்டி இருந்தால் கோடையில் ஊற்றைப் பாதிதான் நம்ப வேண்டியிருக்கும்.

பத்திரக்கட்டு எழுதியது:

ரோட்டுக்கு: இருவரும் பயன்படுத்தும் பகுதிக்குப் பாதிப் பாதி, அவர் வண்டிகள் பிரிந்து போகும் இடத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு மட்டும் போகும் பகுதி முழுக்க உங்கள் செலவு. தோட்டத்து லாரி ரோட்டைக் கெடுத்தால் அதை அவர் சரிசெய்ய வேண்டும் என்று தனி வரி போடுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு இருவரும் சேர்ந்து நடந்து பார்த்துக் ரோட்டுக்குக் குறுக்கே போகும் வடிகால் குழாய்களைத் தூர் வாருவது என்றும் எழுதலாம். மண் ரோட்டைக் கெடுப்பது வண்டியைவிட அதன் மேல் ஓடும் தண்ணீர்தான்.

பாதைக்கும் ஊற்றுக்கும் ஒரே பத்திரம் போடாமல் இரண்டாகப் போடுங்கள். ஒன்றில் தகராறு வந்தால் மற்றது நிற்கும். வரைவை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன், பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மருதம் எழுதியது:

இரவு மருத்துவர் எந்தெந்த நாள் இல்லை என்று பட்டியல் கேட்டு வாங்குங்கள் அக்கா. வாடகை வீட்டில் இருக்கும் மாதங்களிலேயே ஒருமுறை மாமியாரை அங்கே சாதாரணப் பரிசோதனைக்கு அழைத்துப்போய் அவருடைய மருத்துவக் கோப்பின் நகலைக் கொடுத்து வையுங்கள். பழைய ஈசிஜி அவர்களிடம் இருந்தால் அவசரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.